மூன்றாம் தொட்டியில் கேட்ட குரல்

பொரிப்பகம்,
பிப்ரவரி 11

உங்களுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் வீட்டை விட்டு வந்து ஆறு மாதம் ஆகிறது. சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர இதை எழுதவில்லை. வேலை விஷயமாக ஓர் உதவி வேண்டும். ஒலிப்பதிவுக்காரர் என்று எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், என்ன செய்ய.

இந்த மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் தாய்மீன்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மூன்றாம் தொட்டியில் பத்தொன்பது கத்தாளை மீன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என் கை நீளம். இந்தப் புதுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து இரண்டு வருடமாகிறது, ஒரு முட்டைகூட இடவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் முட்டையிடவைக்க ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார். நான்கு மீன் செத்ததுதான் மிச்சம். ஏப்ரல் கடைசிக்குள் முட்டை வராவிட்டால் தொட்டியைக் காலி செய்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். "வயசான மீனுக்கு எத்தன நாள் தீனி போட்டுக்கிட்டு இருக்கறது? சந்தைக்கு அனுப்பிட்டு வேற மீனை விடுவோம்" என்கிறார்.

கத்தாளை சத்தம் போடும் மீன். வயிற்றுக்குள் அதற்கு ஒரு காற்றுப்பை. முட்டைக் காலம் வந்தால் ஆண் மீன் அந்தப் பையைத் தசையால் அதிரவைத்துப் பெண் மீனைக் கூப்பிடும், மரக்கதவை விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில். அது எப்போது கூப்பிடுகிறது, எத்தனை தடவை கூப்பிடுகிறது என்று தெரிந்தால், ஊசி இல்லாமலே முட்டை வருமா என்று சொல்லிவிடலாம். தண்ணீருக்குள் இறக்கும் மைக் ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டில் பதிந்து இத்துடன் அனுப்புகிறேன். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் வானொலி நிலையத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் "என்ன? என்ன?" என்று கேட்டுவிட்டு, "எழுதி அனுப்பு" என்று வைத்துவிட்டீர்கள். என் குரல் அவ்வளவு கசந்துபோயிற்றா என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை.

நான்


வானொலி நிலையம்,
பிப்ரவரி 20

உனக்கு,

கேசட் வந்தது. இரண்டு பக்கமும் கேட்டேன். முதல் பக்கம் நல்ல பதிவு. மீன்களின் குரல் அதில்தான் சரியாக விழுந்திருக்கிறது. விட்டு விட்டு, தாழ்ந்த குரலில், நீ சொன்ன மாதிரியே இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மோட்டார் இரைச்சல் அதிகம். மைக்கை இன்னும் ஓர் அடி ஆழத்தில் இறக்கிப் பார்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. அக்கா வாரத்துக்கு இரண்டு நாள் வந்து சமைத்து வைத்துவிட்டு, கூடவே உன்னைப் பற்றி ஒரு பாட்டமும் என்னைப் பற்றி இரண்டு பாட்டமும் திட்டிவிட்டுப் போகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.


பொரிப்பகம்,
பிப்ரவரி 27

உங்களுக்கு,

முதல் பக்கத்தில் மீனே இல்லை. அதில் பேசியது நான்.

எழுத வராததை, மைக்கை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினேன். உங்களோடு பத்து வருடத்தில் பேசாததையெல்லாம் பேசினேன். மீனைப் பற்றி எழுதினால்தான் கேசட்டைப் போட்டுக் கேட்பீர்கள் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் போடவே இல்லை. போடாமலே "நல்ல பதிவு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டீர்கள்.

அன்றைக்குச் சமையலறையிலும் இதுதானே நடந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன், "இந்த வேலை வந்திருக்கு, போகட்டுமா? இல்ல இருக்கட்டுமா?" என்று. "சரி, உன் இஷ்டம்" என்றீர்கள். திரும்பிப் பார்த்தால், பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கியிருக்கவில்லை. பத்து வருடக் குடித்தனத்துக்கு மூன்று வார்த்தை.

மீன் விஷயத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். கேசட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். யார் கையிலாவது கிடைத்தால் எனக்குத்தான் மானக்கேடு.


வீடு,
மார்ச் 9

வாயாடிக்கு,

இப்படிக் கூப்பிட இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கூப்பிடுகிறேன்.

கேசட்டைப் போட்டேன். நான்கு முறை போட்டேன். எனக்குக் கேட்கவில்லை.

மூன்று வருடமாக எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. மொத்தமாகப் போகவில்லை. தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது. லாரி, மோட்டார், இடி. கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போயின. குருவி, அழைப்பு மணி, அப்புறம் பேச்சில் வரும் ச, த, க எல்லாம். நேருக்கு நேர் உதட்டைப் பார்த்தால் பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வேன். போனில் உதடு இல்லையே. அதனால்தான் எழுதச் சொன்னேன். நிலையத்தில், சத்தத்தின் அளவைக் காட்டும் ஒலிமானியின் முள்ளைப் பார்த்தே பதிவை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உன் கேசட்டிலும் முள் விட்டு விட்டு ஆடியதைப் பார்த்துத்தான் மீன் என்று எழுதினேன். ஒலிப்பதிவுக்காரனுக்குக் காது கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? வெளியே சொல்லாததை உன்னிடமும் சொல்லவில்லை. அது தப்பு. பெரிய தப்பு.

அன்றைக்குக் குழாய் திறந்திருந்தது, உன் முதுகுதான் என் பக்கம் இருந்தது. முந்தின வாரம் முழுக்க ஜன்னல் திரைச்சீலையை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அதைத்தான் கேட்கிறாய் என்று நினைத்து "உன் இஷ்டம்" என்றேன். சாயங்காலம் பெட்டியோடு நின்றாய். எதற்கென்று கேட்டிருக்கலாம். கேட்டால் காது விஷயம் வெளியே வந்துவிடும். கோபத்தில் இருப்பவள் மாதிரி நீ நின்றாய், கோபத்தில் இருப்பவன் மாதிரி நானும் நின்றுவிட்டேன். எனக்கு அது சுலபமாக இருந்தது.

உன் கடிதம் வந்ததும் அக்காவை வரச் சொன்னேன். ஹெட்போனை மாட்டிவிட்டு முதல் பக்கத்தை ஓட்டினேன்.

"என்னடா இது, மாவு மில்லுக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு? உன் பொண்டாட்டி குரல் மாதிரி தெரியுது. என்ன சொல்றான்னு ஒரு எழவும் புரியல" என்றாள்.

நிலையத்திலிருந்து பழைய ஈக்வலைசர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். சுருதி வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி அது; ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு குமிழ், ஒரு விளக்கு, ஏணிப்படி மாதிரி. தடித்த சத்தத்துக்குக் கீழ்ப்படி எரியும், கூர்மைக்கு மேல்படி. கீழே இரண்டு படிகள் அணையாமல் எரிந்துகொண்டிருந்தன. அது உங்கள் மோட்டார். அந்த இரண்டையும் அடியோடு இறக்கினேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டேய், இது உனக்குச் சொன்னதுடா. நான் கேக்கக் கூடாது."

"நீ கேட்டாத்தான் எனக்குத் தெரியும்."

"ஏன், உன் காது எங்க போச்சு?"

"போயிடுச்சுக்கா."

டேப்பை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள். சின்ன வயதிலிருந்து கூப்பிட்டால் திரும்பாததற்கெல்லாம் "செவிட்டுப் பயலே" என்று திட்டியவள். அப்புறம் பேனா கேட்டாள். பழைய நாடகத் தாள்களின் பின்பக்கத்தில், நிறுத்தி நிறுத்தி, பதினோரு பக்கம் எழுதினாள். அடைப்புக்குறிக்குள் "இங்க அழுவுறா" என்றும் "மூக்கு சிந்துறா" என்றும் போட்டிருக்கிறாள். "நீங்க ஒரு வார்த்த இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன்" என்ற வரி இரண்டு முறை இருக்கிறது. நீ இரண்டு முறை சொன்னாயா, அக்காவே அழுத்தத்துக்காகச் சேர்த்தாளா தெரியவில்லை. கேட்டதற்கு, "மூடிக்கிட்டுப் படிடா" என்றுவிட்டாள்.

படித்தேன். அதற்குப் பதிலை இந்தக் கடிதத்தில் அடக்க முடியாது. இரு. நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை மட்டும் இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

இனி மீன் விஷயம். இரண்டாம் பக்கத்திலும் அதே இரண்டு படிகளை இறக்கிப் பார்த்தேன். மோட்டார் போயிற்று, கூடவே மீனும் போய்விட்டது. படியை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து வருகின்றன. உன் மீன் கூப்பிடும் சுருதியும் உன் மோட்டார் இரையும் சுருதியும் ஒன்று. நல்ல காது உள்ள அக்காவுக்கே, தொட்டிக்கு வெளியே பேசிய உன் பேச்சு புரியவில்லை. உள்ளே, அந்த இரைச்சலுக்கு நடுவே இருக்கும் பெண் மீனுக்கு என்ன கேட்கும்? அது வராமல் இருப்பதற்கு வயசு காரணமில்லை என்று நினைக்கிறேன். யாரோ கூப்பிடுகிறார்கள் என்பதே அதற்குத் தெரிந்திருக்காது.


பொரிப்பகம்,
மார்ச் 16

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தீனி அறையில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு உங்களை நன்றாக அறைய வேண்டும் போல இருந்தது. மூன்று வருடம்! சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே விட்டேனே. வாயாடி வாயாடி என்று கூப்பிட்டவர், வாய் மூடிக்கொண்டதைக்கூடக் கவனிக்கவில்லை என்று எத்தனை நாள் தலையணையை நனைத்திருப்பேன். என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன, தெருவில் தண்டோரா போட்டிருப்பேனா?

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, நீங்கள் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். கோபம் இருக்கிறது. ஆனால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

அக்காவிடம் சொல்லுங்கள், அந்த வரியை நான் ஒருமுறைதான் சொன்னேன்.

மோட்டார் விஷயத்தை மேலாளரிடம் சொன்னேன். சிரித்தார். "மீனுக்குக் காது கேக்கலைன்னு மோட்டார நிறுத்தணுமா? நல்லா இருக்கும்மா கதை." மோட்டாரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் சொன்னது வேறு. பழைய கொட்டகையில் மோட்டார் வெளியே, தனி அறையில் இருந்ததாம். இங்கே இடம் போதாமல் மூன்றாம் தொட்டியை ஒட்டியே திட்டு கட்டி வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் முட்டை நின்றது. இதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆனால் நிறுத்தவும் பயம். அதுதான் தண்ணீருக்குள் காற்றை அடிக்கிறது. "நிறுத்தினா அர மணி நேரத்துல மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்கும்மா" என்கிறார். என்ன செய்யலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் காது டாக்டரைப் பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்காமல் எழுதினால் உறையைப் பிரிக்க மாட்டேன்.


வீடு,
மார்ச் 28

வாயாடிக்கு,

பார்த்துவிட்டேன். உறையைப் பிரிக்கலாம்.

சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். இருபது வருடமாக நான் மற்றவர்களை உட்காரவைத்த மாதிரி அறை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கடைசிப் பத்து நிமிடம் நான் கையைத் தூக்கவே இல்லை. வெளியே அந்தப் பெண் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஏதோ ஒலிக்கிறது, எனக்கு மட்டும் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். போனது திரும்பாது, மிச்சத்துக்குக் கருவி உதவும் என்றார் டாக்டர். இரண்டு காதுக்கும் அளவெடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அவர் ஆச்சரியப்படவே இல்லை. "ஒரு வருஷமா உங்க டேப்பை நான் ஒரு தடவ கேட்டுட்டுத்தான் அனுப்புறேன். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். நான் தரையைப் பார்க்க வேண்டியதாயிற்று. இனி நாடகப் பதிவு வேண்டாம், ஒலிநாடாக் காப்பறையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வருத்தம்தான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பகல் மூன்று மணிக்கே படுத்து, அப்படித் தூங்கினேன். எத்தனை நாள் தூக்கமோ.

மோட்டாருக்கு: முதலில் அதைத் தொட்டியிலிருந்து தள்ளி வைக்கச் சொல். அடியில் பழைய டயரை வெட்டி இரண்டு அடுக்குப் போடுங்கள். இரும்புக் குழாய் தொட்டிச் சுவரைத் தொடும் இடத்தில் ரப்பர் குழாய். அதிர்வு சுவர் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதுவும் போதாவிட்டால் பொழுது சாயும் நேரத்தில் மட்டும் மோட்டாரை நிறுத்து. கடைசியில் சொன்னதை யோசித்துச் செய். மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.


பொரிப்பகம்,
ஏப்ரல் 10

உங்களுக்கு,

ஒரு மீன் செத்துவிட்டது.

டயர், ரப்பர் எல்லாம் மெக்கானிக் அண்ணன் அருமையாகச் செய்துகொடுத்தார். இரைச்சல் பாதியானது. அது போதவில்லை. நேற்று மேலாளர் வெளியே போயிருந்தார். பொழுது சாயும்போது மோட்டாரை நிறுத்தினேன். இருபது நிமிடம் தாங்கும் என்று கணக்கு. பன்னிரண்டாவது நிமிடமே மேலே வந்துவிட்டன. மோட்டார் உடனே கிளம்பவில்லை. நானும் மெக்கானிக் அண்ணனும் வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். மற்றவை பிழைத்தன. ஆண் மீன்களில் பெரியது, "புலம்பல்" என்று பெயர் வைத்திருந்தேன், அது பிழைக்கவில்லை. கடைசிவரை கையில்தான் வைத்திருந்தேன்.

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இன்னும் இருபது நாள்தாம்மா, சும்மா விடுங்க அதுங்கள" என்றார்.

மைக் தண்ணீரில்தான் இருந்தது, பதிவாகியிருக்கும். எனக்குக் கேட்கத் தைரியமில்லை. கேசட்டை அனுப்புகிறேன். தூக்கிப் போட்டாலும் சரி.


வீடு,
ஏப்ரல் 15

வாயாடிக்கு,

யோசனை என்னுடையது. செத்ததில் பாதிப் பங்கு எனக்கு. அதை நீ ஒருத்தியே சுமந்துகொண்டு திரியாதே.

கருவி போன வாரம் வந்தது. காதில் மாட்டியதும் செய்தித்தாளை மடக்கும் சத்தத்துக்கே துள்ளி எழுந்தேன். அக்கா பேச ஆரம்பித்ததும் கழற்றிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அவளிடமே சொன்னேன். கரண்டியைத் தூக்கினாள்.

உன் கேசட்டைக் கேட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டேன். மோட்டார் நின்றதும் முதலில் ஒன்றுமில்லை. நான்காவது நிமிடத்தில் ஒரு மீன் தட்டுகிறது. ஐந்து தட்டு, இடைவெளி, மறுபடி ஐந்து. ஆறாவது நிமிடத்தில் வேறொன்று, இதைவிட மெல்லிய குரல், அதோடு சேர்ந்துகொள்கிறது. எட்டாவது நிமிடத்தில் நான்கைந்து குரல், ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுகிறது. பன்னிரண்டில்தான் எல்லாம் கலைந்து, வாளிச் சத்தமும் உன் அலறலும். நீ தொட்டியின் விளிம்பில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய், ஹெட்போன் உன் தலையில் இருந்திருக்காது. இருந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

அக்காவையும் கேட்கவைத்தேன், என் ஆசை எனக்கு இல்லாததைக் காட்டுகிறதோ என்று. "சந்தக்கட மாதிரி இருக்குடா" என்றாள்.

அவை இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. சும்மா விடாதே. காற்றுக்கு வேறு வழி ஒன்று இருக்கத்தான் வேண்டும், அது எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.


பொரிப்பகம்,
ஏப்ரல் 26

என்னங்க,

வந்துவிட்டது. முட்டை வந்துவிட்டது. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

உங்கள் கடிதத்தோடு நேராக மேலாளர் அறைக்குப் போனேன். கேசட்டில் இருந்ததைச் சொன்னேன். செத்த மீனையும் நானே சொன்னேன், அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. குஞ்சுகளை லாரியில் ஏற்றி அனுப்பும்போது பையில் அடைக்க ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறோம். அதிலிருந்து ஒரு குழாயைத் தொட்டிக்கு இழுத்தால் மோட்டார் இல்லாமலே ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சத்தமும் கிடையாது. எனக்கு அது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும், அவசரத்தில் புத்தி ஓடவில்லை. மேலாளர் ஒரு நிபந்தனை போட்டார். "நான் பக்கத்துல நிப்பேன். ஒரு மீன் மேல வந்தாலும் மோட்டார் ஓடும்" என்றார்.

முதல் நான்கு நாள் சத்தம் மட்டும்தான். தினமும் பொழுது சாயும்போது மெக்கானிக் அண்ணன் மோட்டாரை நிறுத்துவார், நான் ஹெட்போனோடு உட்காருவேன், மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஐந்தாம் நாள் தட்டல் நின்று நின்று வரவில்லை, ஒரே உருட்டலாக வந்தது. பெண் மீன்களில் மூத்தது ஒன்று, "பெரியம்மா" என்போம், எப்போதும் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். அது மூலையை விட்டுக் கிளம்பியது. மெதுவாக ஒரு சுற்று வந்தது. பின்னாலேயே மூன்று ஆண் மீன்கள். நான் கையை உயர்த்தி எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னேன். மேலாளர் என் தலையிலிருந்து ஹெட்போனை மெல்லக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ஏம்மா, இவ்ளோ நாளா இதுங்க இப்படியா கத்திக்கிட்டு இருந்துச்சு?" என்றார், ரகசியம் பேசுகிற குரலில்.

விடிந்ததும் முட்டை சேகரிக்கும் வலையைத் தூக்கினேன். ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, கண்ணாடி மாதிரி, மேலே மிதந்துகொண்டிருந்தன. எண்ண ஆரம்பித்து, கண்ணில் நீர் வந்து மறைத்ததால் விட்டுவிட்டேன். மெக்கானிக் அண்ணன், "அழுவாதம்மா, உப்புத் தண்ணி ஏற்கனவே சரியாத்தான் இருக்கு" என்றார்.

நேற்று பொரிந்தன. ஊசி முனை அளவு. தொட்டியைக் காலி செய்யும் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. மோட்டாருக்குப் பழையபடி வெளியே தனி அறை கட்டப்போகிறார்கள்.

இனி நம் விஷயம். நான் அங்கே திரும்பி வரப்போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, நன்றாகவும் வருகிறது. உங்களுக்கும் அங்கே ஓர் அறையும் ஒலிநாடாக்களும் இருக்கின்றன, அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். யார் எங்கே இருப்பது என்பது கடிதத்தில் முடிகிற காரியம் இல்லை. விடுப்புப் போட்டுவிட்டு முதலில் பத்து நாள் வாருங்கள். எனக்கு இங்கே கொடுத்திருப்பது சின்ன வீடுதான். சமையலறையில் குழாய் பின்பக்கச் சுவரில் இருக்கிறது. உங்களைப் பார்த்து நின்றுகொண்டுதான் பேசுவேன். குழாயை மூடிவிட்டு.

குஞ்சுகளுக்குப் பொரிந்த உடனே வாய் இருக்காது. மூன்றாம் நாள்தான் திறக்கும். அன்றைக்கு முதல் தீனி. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. இந்தக் குஞ்சுகளுக்கு நாளைக்கே திறந்துவிடும், இந்தத் தாள் உங்கள் கைக்கு வருவதற்குள் அவை தின்று கொழுத்திருக்கும். ஆனால் பெரியம்மா ஒருமுறை ஆரம்பித்தால் வாரம் தவறாமல் இடுவாள் போலத் தெரிகிறது. அடுத்த குஞ்சுகள் வாய் திறக்கும் நாளில் நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பதில் எழுதி நேரத்தைக் கடத்தாதீர்கள். கிளம்பி வாருங்கள்.